காம்போடு வெட்டின பூ

தென்காசி
ஆடி 12

அன்புள்ள மீனா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் முதல்முறையாக மாடிப்படி ஏறி, மொட்டைமாடியில் நின்று காற்று வாங்கினாய் என்று எழுதியிருந்ததை இவருக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். இறங்கும்போது யாராவது பக்கத்தில் இருந்தார்களா? அதை நீ எழுதவில்லை.

இங்கே சாரல். துணி காயவில்லை, அப்பளம் நமுத்துப்போகிறது, ஆனாலும் வீட்டில் ஒருவருக்கும் குறை சொல்ல மனசு வரவில்லை. சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்துவிட்டது. போட்டோ எடுக்கிற கூட்டத்தால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வண்டி ஓட்ட முடியவில்லை என்று இவர் புலம்பிக்கொண்டு வந்தார்.

போட்டோவில் ஜாடியில் இருந்த பூவைக் கடையில் வாங்கினாயா என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். எல்லாம் கொல்லையில் பூத்ததுடி. ஜாடிகூட எங்கள் மாமியார் நார்த்தங்காய் போட்டுவைத்த பீங்கான் ஜாடிதான்.

போன பங்குனியில் கூட வேலை பார்த்த ஒருத்தியின் பணி ஓய்வு விழாவுக்கு 350 ரூபாய் கொடுத்து ஒரு பொக்கே வாங்கிப் போனேன். ஜிகினாத் தாள், ரிப்பன் எல்லாம் பிரமாதம். மறுநாள் அவளே போன் பண்ணி, பூவெல்லாம் தலை கவிழ்ந்துவிட்டது என்றாள். பிரித்துப் பார்த்தால் ஜெர்பரா காம்புக்குள் கம்பி, அடியில் இருந்த பச்சைப் பஞ்சுக் கட்டியில் சொட்டு ஈரமில்லையாம். எனக்கு ரூபாய் போனதைவிட, கொல்லை நிறையப் பூவை வைத்துக்கொண்டு இதைப் போய்க் கொடுத்தோமே என்றுதான் இருந்தது.

சரி, நாமே கட்டுவோம் என்று மறுநாள் காலையில் இறங்கினேன். கொட்டான் நிறையப் பறித்து வந்து மேஜையில் கொட்டினால், ஒரு பூவுக்கும் காம்பு இல்லை! கை பழக்கம் மீனா. அஞ்சு வயசிலிருந்து சாமிக்கும் தலைக்கும் நகத்தால் கிள்ளிக் கிள்ளியே பறித்த கை. தொடுக்கிறதற்கு நூல் சுற்ற அரை விரல் காம்பு இருந்தால் போதும். ஜாடிக்கோ ஒரு சாணாவது வேண்டும்.

ஒரு சாண் வெட்டினால் கூடவே மூன்று மொட்டு போகும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேந்திச் செடிமுன் கத்தரிக்கோலோடு நின்றுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். பார்த்துக்கொண்டிருந்த இவர், "முடிவெட்டினால் வளராதா?" என்றார். கிண்டல்தான், ஆனால் விஷயம் சரி. இலை ஜோடியாகக் கிளம்புகிற கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால், அந்தக் கணுவிலிருந்தே இரண்டு கிளை வருகிறது. கேந்தி, ஜினியா இரண்டும் அப்படித்தான். வெட்ட வெட்டப் புதராகிவிட்டன.

எது நிற்கும், எது நிற்காது என்பது செய்து பார்த்துத்தான் தெரிந்தது. செம்பருத்திக்குத் தண்ணீரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே நாள் ஆயுசு. நந்தியாவட்டை வெட்டின இடத்தில் பால் வடிந்து தண்ணீரைக் கலக்குகிறது. நுனியைக் கொதிநீரில் அரை நிமிஷம் பிடித்தால் நின்றுவிடும், ஆனால் அவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று விட்டுவிட்டேன். சம்பங்கி தங்கம். அடியிலிருந்து மேலே ஒவ்வொன்றாக மலரும். வாடின கீழ்ப்பூவைக் கிள்ளிக்கொண்டே வந்தால் ஒரு வாரம் கூடம் மணக்கும். ஜினியாவை மட்டும் முழுசாக விரிந்த பிறகுதான் வெட்ட வேண்டும், மொட்டாக வெட்டினால் அப்புறம் விரியாது. பூவுக்கு ஒரு சாண் கீழே காம்பைப் பிடித்து ஆட்டிப் பார். தலை தொளதொளவென்று ஆடினால் இன்னும் இரண்டு நாள் விடு. விறைப்பாக நின்றால் வெட்டு.

அரளியை நான் சேர்ப்பதே இல்லை. எத்தனை அழகாக இருந்தாலும் விஷச்செடி. பேரனுக்கு ஒன்றரை வயசு, கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குத்தான்.

காலையில் வெயில் ஏறுமுன் வெட்டி, கையோடு வாளித் தண்ணீரில் போட்டுவிடுகிறேன். தண்ணீரில் முங்குகிற இலை எல்லாவற்றையும் உருவிவிட வேண்டும், இல்லாவிட்டால் அழுகி நாறும். கேந்தி இதில் ரொம்ப மோசம். ஒரு ஸ்பூன் சர்க்கரையும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் விடுவதுண்டு. சர்க்கரையை மட்டும் போட்டால் பூவைவிடக் கிருமிதான் நன்றாகச் சாப்பிடும். தினமும் தண்ணீர் மாற்றி, காம்பு நுனியைச் சாய்வாகக் கொஞ்சம் நறுக்கிவிடுவேன். ஒரு தடவை சோம்பலில் ஒரு வாரம் மாற்றாமல் விட்டு, டெங்குக்காகப் பார்க்க வந்த பெண் டார்ச் அடித்து உள்ளே நெளிகிற புழுக்களைக் காட்டினாள். வெட்கமாகப் போய்விட்டது.

இன்னொரு நாள், வைத்த பூவெல்லாம் ஒரே ராத்திரியில் துவண்டு கிடந்தது. பார்த்தால் பக்கத்தில் பழுக்கிற வாழைத்தார். பழத்திலிருந்து வருகிற வாயு பூவையும் சேர்த்து முதுமையாக்கிவிடுமாம். தாரை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினோம். (தாரைத்தான் மாற்றினேன், பூவை அல்ல. இவருக்கு அதில் இன்னும் வருத்தம்.)

கட்டுகிற விதம் சொல்கிறேன். இடது கையில் ஒரு சம்பங்கியைப் பிடித்துக்கொள். அடுத்த காம்பை அதன்மேல் சாய்வாக வை. அதற்கடுத்ததையும் அதே பக்கம் சாய்த்து வை. வைக்க வைக்கக் கையிலிருக்கிற கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே வா. ஒன்றுகூட எதிர்ப்பக்கம் சாயக்கூடாது. சரியாக வந்தால் மேலே பூ விரிந்து நிற்கும், கீழே காம்புகள் முக்காலிக் கால்மாதிரி அகன்றுகொள்ளும். ஊறவைத்த வாழைநாரால் பிடித்த இடத்தில் இறுக்கி, அடியைச் சமமாக நறுக்கிவிட்டால் கட்டு மேஜையில் தானாக நிற்கும். முதல்முறை நின்றபோது நான் கையெடுக்கப் பயந்து அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பூ குறைவு என்று கவலைப்படாதே. பாதிக்குமேல் இலைதான் வைக்கிறேன்: துளசிக் கதிர், குரோட்டன்ஸ், பெரணி. குரோட்டன்ஸை எடுக்கும்போதெல்லாம் உன் நினைப்பு. பாளையங்கோட்டை ஹாஸ்டலில், உன் ஜன்னல் திண்டில் ஹார்லிக்ஸ் பாட்டில், அதில் ஒரே ஒரு குரோட்டன்ஸ் கிளை. தலையில் வைக்கவும் ஆகாது, சாமிக்கும் ஆகாது, இதை எதற்கு வைத்திருக்கிறாள் என்று நாங்கள் சிரித்தோம். அது வேர் விட்டதும், வார்டன் அதைத் தொட்டியில் நட்டுத் தன் அறை வாசலில் வைத்துக்கொண்டதும் ஞாபகமிருக்கிறதா? நீ இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் ஒரு கட்டு தலைகீழாக ஸ்டோர் ரூம் கொடியில் தொங்குகிறது. காய்ந்தாலும் நிறம் போகாது, தண்ணீரும் வேண்டாம். உனக்காகத்தான். ஆவணியில் என் தம்பி கோயம்புத்தூர் வருகிறான், அட்டைப்பெட்டியில் கொடுத்துவிடுகிறேன். அவன் திரும்பும்போது உன் தொட்டியிலிருக்கிற மரிக்கொழுந்தில் நாலு கிளை, வேரோடு, ஈரச்சாக்கில் சுற்றிக் கொடு. குனிந்து நீ தோண்டாதே, மருமகளைத் தோண்டச் சொல்.

அன்புடன்,
உன் செல்வி