ஜெயாவுக்கு: அந்த ஏழு நிமிடப் படத்தைப் பற்றி

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. பிசியோதெரபிக்கு வருகிற பெண் ரொம்ப அதட்டுகிறாள் என்று எழுதியிருந்தாய். அதட்டட்டும். வலிக்கிறதே என்று முழங்காலை மடக்காமல் விட்டால் அப்புறம் மடங்கவே மடங்காது. எங்கள் அண்ணி பட்ட பாடு உனக்கே தெரியும்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். ஊர் வீட்டை இடித்துக் கட்டலாம் என்கிறார் அண்ணன். ஓடு மாற்றினால் போதும் என்கிறேன் நான். பேச்சு இழுத்துக்கொண்டே போகிறது. அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

இப்போது உன் பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். அவள் அனிமேஷன் படிக்கச் சேர்ந்திருக்கிறாள் என்றதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வகுப்பில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் கார்ட்டூனைப் பார்க்கச் சொன்னார்களாம், அவள் தேடியதில் யாரோ கலர் போட்ட பிரதி ஒன்று கிடைத்ததாம், பார்த்துவிட்டு “இதில் என்ன இருக்கிறது பாட்டி?” என்று கேட்டாளாம். நீதான் டிராயிங் டீச்சராயிற்றே, பதில் சொல் என்று என் தலையில் கட்டிவிட்டாய். எந்தப் படம் என்று பார்த்தால், பெட்டி பூப் என்கிற கார்ட்டூன் பெண் வருகிற ஸ்னோ ஒயிட், 1933ஆம் வருஷத்துப் படம்! அதைப் பற்றிக் கேட்க யாராவது வரமாட்டார்களா என்று இத்தனை காலம் காத்திருந்தவள் நான். கடிதம் நீண்டால் பொறுத்துக்கொள்.

ஸ்னோ ஒயிட் என்றாலே எல்லோருக்கும் டிஸ்னி படம்தான் ஞாபகம் வரும். அது வந்தது 1937 டிசம்பரில். அதற்கு நாலு வருஷத்துக்கும் முன்னால், 1933 மார்ச் 31 அன்று, நியூயார்க்கில் ப்ராட்வே தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த ஃப்ளைஷர் சகோதரர்கள் அதே கதையை ஏழே நிமிடத்தில் எடுத்து வெளியிட்டுவிட்டார்கள். அண்ணன் மாக்ஸ் தயாரிப்பாளர், தம்பி டேவ் டைரக்டர். வெளியிட்டது பாரமவுண்ட். ஆனால் இது அந்த இருவரின் படம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு ஸ்டூடியோவில் பத்துப் பதினைந்து பேர் பங்குபோட்டு வரைகிற வேலையை, ரோலண்ட் க்ராண்டல் என்கிற ஓவியர் கிட்டத்தட்டத் தனி ஆளாக வரைந்தார். ஆறு மாதம் பிடித்தது. பல வருஷம் விசுவாசமாக உழைத்ததற்கு ஸ்டூடியோ அவருக்குக் கொடுத்த பரிசு அது: “இந்தப் படத்தை நீயே உன் இஷ்டத்துக்குச் செய்துகொள்.” கணக்குப் போட்டுப் பார். வினாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது பிலிமில் 24 தனித்தனிக் கட்டம். ஏழு நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்துக்கொண்டாலும் ஐயாயிரம் படம். ஒரு கலைஞனுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யாரும் செய்துவிட முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ராணி கையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு, ஊரிலேயே அழகி யார் என்று கேட்கிறாள். பெட்டி உள்ளே வருகிறாள். கண்ணாடி கட்சி மாறிவிடுகிறது. ராணிக்கு வருகிற ஆத்திரத்தில் அவள் முகமே வாணலியில் பொரிகிற இரண்டு முட்டையாகிவிடும். அரை வினாடிதான், கண்ணை மூடித் திறந்தால் போய்விடும். பெட்டியின் தலையை வெட்டச் சொல்லி இரண்டு காவலாளிகளை அனுப்புகிறாள். அவர்கள் வேறு யாருமில்லை, கோகோ என்கிற கோமாளியும் பிம்போ என்கிற நாயும். அவர்களுக்கு வெட்ட மனசு வரவில்லை. பெட்டி தப்பி ஓடி, பனியில் உருண்டு, உறைந்த ஆற்றில் விழுகிறாள். பனிக்கட்டியே அவளுக்குச் சவப்பெட்டியாகிவிடுகிறது. அது சறுக்கிக்கொண்டே போய் ஏழு குள்ளர்கள் வீட்டுக்குள் நுழைய, அவர்கள் தூக்கிக்கொண்டு ஒரு குகைக்குள் போகிறார்கள். ராணி கண்ணாடியைத் தன் உடம்பின் வழியாக வளையம் மாதிரி நுழைத்து எடுத்துச் சூனியக்காரியாகிப் பின்னாலேயே வருகிறாள்.

இதுவரைக்கும் படம் வெறும் வேடிக்கைதான். சிலது சிரிப்பு, சிலது அர்த்தமே இல்லாதது. பெட்டிக்குச் செய்ய ஒன்றுமே இல்லை, பாதிப் படம் பனிக்கட்டிக்குள் கிடக்கிறாள். அது ஒரு குறைதான், நான் மறுக்கமாட்டேன். படம் மூச்சுவிட ஆரம்பிப்பது குகைக்குள் நுழைந்த பிறகு.

அங்கே கோகோ பாட ஆரம்பிக்கிறான். குரல் காப் காலவேயுடையது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் காட்டன் கிளப் என்று ஒரு இடம் இருந்தது. மேடையில் ஆடுகிறவர்கள் பாடுகிறவர்கள் எல்லாம் கறுப்பர்கள், உட்கார்ந்து பார்க்க வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே அனுமதி. அந்த மேடையில் வாத்தியக் குழுவோடு பாடி ஆடிக்கொண்டிருந்தவர் காலவே. இந்தப் படம் வந்தபோது அவருக்கு 25 வயது. ஃப்ளைஷர்கள் அவரை வைத்து மூன்று கார்ட்டூன் எடுத்தார்கள். முதலாவது, 1932இல் வந்த மின்னி தி மூச்சர், அவர் மேடையில் ஆடுகிற நிஜக் காட்சியோடேயே தொடங்கும். இரண்டாவது இந்த ஸ்னோ ஒயிட்.

அவர் பாடுவது செயின்ட் ஜேம்ஸ் இன்ஃபர்மரி ப்ளூஸ் என்கிற பழைய பாட்டு. ஒருவன் ஆஸ்பத்திரிக்குப் போகிறான். அங்கே அவன் காதலி மேஜைமேல் குளிர்ந்து பிணமாகக் கிடக்கிறாள். பிறகு தன் சாவைப் பற்றியே பாட ஆரம்பிக்கிறான். என்னைப் புதைக்கும்போது என் கடிகாரச் சங்கிலியில் இருபது டாலர் தங்கக்காசைக் கோத்துவிடுங்கள் என்று வீறாப்பாகச் சொல்கிறான். நம் ஊர் ஒப்பாரியிலும் இந்த ஜாதி உண்டு. அழுகையும் எகத்தாளமும் ஒரே மூச்சில் வரும். சிரிப்புப் படத்துக்கு நடுவில் இப்படி ஒரு பாட்டை வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும், யோசித்துப் பார்.

பாட்டு நடக்கும்போதே சூனியக்காரி கோகோவைப் பேயாக்கிவிடுகிறாள். வெள்ளையாக, நீள நீளமான காலோடு, இடுப்பு எங்கே முடிகிறது என்றே தெரியாத ஒரு பேய். அது முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் பின்னோக்கி வழுக்குகிறது. முன்னால் சாய்கிறது, ஆனால் பின்னால் போகிறது. தங்கக்காசு என்று பாடும் இடத்தில் பேயே சங்கிலியும் காசுமாக மாறிவிடும். மதுவைப் பற்றிப் பாடினால் அதுவே பாட்டிலாகிவிடும். அடுத்த அடியில் ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி காலும் கையும் முளைத்து நடை தொடரும். தாளம் எங்கேயும் தப்பாது. பின்னால் குகைச் சுவர் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். அதில் எலும்புக்கூடுகள், சீட்டு, பகடை என்று சூதாட்ட மண்டபம் மாதிரி ஒரு நரகம். முன்னால் ஆடுகிறவனையே பார்த்துக்கொண்டிருந்தால் அது எதுவுமே கண்ணில் படாது.

அந்த நடை காலவேயின் சொந்த நடை, ஜெயா. கற்பனை இல்லை. ரோட்டோஸ்கோப் என்று ஒரு கருவி. மாக்ஸ் ஃப்ளைஷர் கண்டுபிடித்து 1917இல் காப்புரிமை வாங்கியது. நிஜ ஆளைப் படம் பிடித்து, அந்தப் பிலிமை ஒவ்வொரு ஃப்ரேமாகக் கண்ணாடிக்கு அடியிலிருந்து பாய்ச்சி, மேலே தாளை வைத்து ஒற்றி வரைவார்கள். தம்பி டேவுக்குக் கோமாளி உடை மாட்டி ஆடவிட்டு, அதை ஒற்றி வரைந்ததிலிருந்து பிறந்தவன்தான் கோகோ. பிள்ளைகள் ட்ரேஸ் எடுத்து வந்தால் வகுப்பில் நான் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும். ஒற்றி எடுத்தது எப்போதும் கொஞ்சம் செத்த மாதிரி இருக்கும். கோடு சரியாக இருக்கும், உயிர் இருக்காது. இந்தப் படத்தில் க்ராண்டல் செய்ததைப் பார். காலவேயின் முகத்தை விட்டுவிட்டார். உடம்பை விட்டுவிட்டார். மேடையில் போட்டிருந்த உடையையும் விட்டுவிட்டார். எடை எந்தக் காலில் இருக்கிறது, எப்போது அடுத்த காலுக்கு மாறுகிறது, தோள் எவ்வளவு பிந்தித் திரும்புகிறது, அதை மட்டும் எடுத்துக்கொண்டார். மனுஷ அளவே இல்லாத ஒரு வெள்ளை உருவத்தில் அதை இறக்கிவைத்தார். ஆள் போய்விட்டான், நடை நிற்கிறது. சாவைப் பற்றிய பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமாக வரைய முடியுமா? எனக்கு அந்த இடம் வரும்போதெல்லாம் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

1994இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில், காலத்துக்கும் பாதுகாக்க வேண்டிய படம் என்று இதைச் சேர்த்தார்கள். அதே வருஷம்தான் காலவே காலமானார்.

கலர் விஷயத்துக்கு வருகிறேன். கலர் கண்டுபிடிக்காத காலம், பாவம் என்று உன் பேத்தி நினைக்கக்கூடாது. முழு வண்ண டெக்னிகலர் 1932லேயே கார்ட்டூனுக்கு வந்துவிட்டது. டிஸ்னி அதைத் தன் கம்பெனிக்கு மட்டும் என்று சில வருஷம் ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொண்டார். மற்றவர்களுக்குக் கிடைத்தது இரண்டு நிறம் மட்டும் உள்ள கலர். ஃப்ளைஷர்கள் அதில் பெட்டியை வைத்து 1934இல் ஒரு படம் எடுத்தார்கள், அத்தோடு சரி. கையில் இருந்தது கறுப்பும் வெள்ளையும்தான், ஆனால் அதற்குள் எத்தனை சாம்பல் நிறங்கள்! பின்னணியை நீர்வண்ணம் போல மையைக் கரைத்துக் கரைத்துப் பூசியிருப்பார்கள். குகையின் இருட்டு ஒரே இருட்டு இல்லை. தூரத்துப் பாறை வெளிறி, கிட்டத்துப் பாறை அழுத்தமாக, நடுவில் புகை மாதிரி ஒரு சாம்பல் ஓடும். அந்த அடுக்குகளுக்கு முன்னால் வருவதால்தான் பேய் அத்தனை வெள்ளை. சுவருக்குப் பச்சையும் எலும்புக்கு மஞ்சளும் பூசிவிட்டால் கண் சுவருக்கு ஓடுகிறது, பேய் வெறும் துணியாகிவிடுகிறது. டெலிவிஷனில் விற்பதற்காக 1970களில் பெட்டி பூப் படங்கள் பலவற்றைக் கொரியாவில் கொடுத்துத் திரும்ப ஒற்றி வரைந்து கலர் போட்டு வாங்கினார்கள். அசைவுகள் குறைந்து, கோடு தடித்து, பின்னணி தட்டையாகி வந்தன. இப்போது கம்ப்யூட்டரில் ஒரு நொடியில் செய்கிறார்கள். ஒரு மனுஷன் ஆறு மாதம் உட்கார்ந்து நிறுத்து வைத்த சாம்பலை அழிக்க யாருக்கும் உரிமை கிடையாது என்பேன். இதில் என்னோடு யார் வாதாட வந்தாலும் விடமாட்டேன்.

சத்தத்தையும் கவனிக்கச் சொல். அந்த ஸ்டூடியோவில் பாட்டைத் தவிர மற்றப் பேச்சையெல்லாம் படம் வரைந்து முடித்த பிறகுதான் பதிவு செய்வார்கள். நடிகர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். அதனால் வாய் அசையாத இடத்திலும் முணுமுணுப்பு கேட்கும். பெட்டிக்குக் குரல் மே க்வெஸ்டல். அந்த முணுமுணுப்பில் இருக்கிற சுதந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இதெல்லாம் அதிக நாள் நீடிக்கவில்லை. 1934 நடுவில் தணிக்கை விதிகள் கறாராகி, பெட்டியின் பாவாடை நீண்டது, குகையும் பேயும் போய் அவள் வீட்டு வேலை பார்க்கிற பெண்ணாகிவிட்டாள். பிறகு வந்த படங்களை உன் பேத்தி பார்த்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

அவளிடம் இதைச் சொல். முதலில் மூலப் பிரதியை இருட்டு அறையில், முடிந்தால் பெரிய திரையில், ஒரே மூச்சாகப் பார்க்கட்டும். முடிவில் ராணி பூதமாகித் துரத்தும்போது பிம்போ அவள் நாக்கைப் பிடித்து இழுத்து உள்ளே இருப்பதை வெளியே திருப்பிவிடுவான். அந்த இடத்தில் அவள் சிரிக்காவிட்டால் எனக்கு எழுது. அப்புறம் குகைக் காட்சியை மட்டும் ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி, பேயின் இடுப்பையும் முழங்காலையும் பாதத்தையும் புள்ளி வைத்துத் தாளில் குறிக்கட்டும். முகம் வேண்டாம், உடம்புக் கோடு வேண்டாம், புள்ளி போதும். ஒரு காலடி முழுவதும் குறித்துவிட்டு, அந்தப் புள்ளிகளின் மேல் தனக்குப் பிடித்த எதையாவது வரையட்டும், குடையோ கொக்கோ எதுவானாலும் சரி. அது காலவே மாதிரி நடந்துவிட்டால் அவள் கேட்ட கேள்விக்கு அதுவே பதில்.

வரைந்த தாள்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது, தபாலில் அனுப்பச் சொல். அழுத்தம் எங்கே கொடுத்திருக்கிறாள் என்று நான் தாளைத் தடவிப் பார்க்க வேண்டும். என்னிடம் இருக்கிற அனிமேஷன் புத்தகங்களை அவளுக்கே கொடுத்துவிடலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். அண்ணன் மகன் அடுத்த மாதம் உங்கள் பக்கம் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்புகள்.

அன்புடன்,
பத்மா