கியர் எண்ணெய் சிராப் நிறத்தில் இருந்தால் கவலையில்லை

சுங்கை சிப்புட்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்திக்குக் காது குத்து நல்லபடி முடிந்தது என்று வீட்டில் படித்துக் காட்டினேன். "போகாம விட்டுட்டு இப்ப என்ன சந்தோஷம்?" என்று எனக்குத்தான் விழுந்தது. வராமல் போனதற்கு என் ஆட்டோ கியர் பிக்கப்தான் காரணம். உன் வண்டியும் காலையில் ரிவர்ஸ் போட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. என்னுடையதும் அப்படித்தான் ஆரம்பித்தது.

தைப்பிங்கில் மகள் வீட்டுக்கு ஈப்போவிலிருந்து ஒரு பழைய ஐஸ்பெட்டி ஏற்றிக்கொண்டு ஹைவேயில் போனேன். மெனோரா சுரங்கப்பாதைக்கு முன்னால் அந்த ஏற்றம் இருக்கிறதே, அங்கே இன்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர் முள் 2,000-லிருந்து 3,500-க்குத் தாவியது. இன்ஜின் கத்துகிறது, வண்டி போகவில்லை. எழுபதில் வந்தவன் ஐம்பதுக்கு இறங்கிவிட்டேன். பின்னால் வந்த லோரிக்காரன் ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரித்தான்.

இதில் என் மடத்தனம் ஒன்று உண்டு. 2024 ஜூனில் டீசல் ஒரே இரவில் லிட்டர் 2.15-லிருந்து 3.35 ரிங்கிட்டுக்குப் போனது ஞாபகம் இருக்கும். அன்றிலிருந்து டீசல் செலவு கூடினால் எல்லாவற்றையும் விலையேற்றத்தின் கணக்கிலேயே எழுதிக்கொண்டிருந்தேன். கியர் வழுக்கி வழுக்கிக் குடித்ததும் அதில் சேர்த்தி என்று தோன்றவே இல்லை.

முதலில் காட்டிய பட்டறையில் மெக்கானிக் கையைக்கூட அழுக்காக்கிக்கொள்ளவில்லை. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "கியர் பாக்ஸ் போச்சு அங்கிள், இறக்கிப் பிரிக்கணும், ஐயாயிரம் ஆகும். இல்லன்னா ஹாஃப் கட், அதான் வெட்டின பழைய வண்டியோட பெட்டி, போட்டுக்கலாம்" என்றான். வண்டியை விற்றாலே அவ்வளவு தேறுமா என்பது சந்தேகம்.

அப்புறம்தான், முன்பு தோட்டத்து டிராக்டர் ஷெட்டில் வேலை பார்த்த நம் அண்ணனிடம் போனேன். கண் சரியாகத் தெரியவில்லை, கை மட்டும் அப்படியே இருக்கிறது. சமதரையில் நிறுத்தச் சொன்னார். இன்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியரையும் ஒரு சுற்று போட்டு மறுபடி பார்க்கிங்குக்குக் கொண்டுவரச் சொன்னார். கியர் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, திரும்பச் செருகி எடுத்தார். எண்ணெய் அடிக்கோட்டைக்கூடத் தொடவில்லை. பழைய பேப்பரில் ஒரு சொட்டு வைத்து மூக்கருகே கொண்டுபோனார். எனக்கே கருகல் வாடை அடித்தது. "சிராப் மாதிரி சிவப்பா இருந்தா கவலையில்ல. பால் இல்லாத கோப்பி ஓ மாதிரி கறுத்துட்டா உள்ள வெந்துக்கிட்டிருக்கு. பால் கலந்த சிராப் பண்டோங் மாதிரி ஆயிட்டா ரேடியேட்டர் தண்ணி கலந்திருக்கு, அப்புறம் வண்டிய அசைக்கவே கூடாது" என்றார். என்னுடையது கோப்பி ஓ.

கியர் பெட்டியிலிருந்து ரேடியேட்டருக்கு எண்ணெய் போகும் ரப்பர் குழாயில் கிளிப் பக்கம் வெடிப்பு. தோட்டத்துச் செம்மண் அப்பி அடை மாதிரி காய்ந்திருந்ததால் கசிவு கண்ணில் படவில்லை. எண்ணெய் குறைந்தால் உள்ளே அழுத்தம் குறையும், கிளட்ச் தட்டுகள் இறுகாது. வழுக்கினால் சூடு, சூட்டில் எண்ணெய் கருகும், இன்னும் வழுக்கும். அடித்தட்டைக் கழற்றியபோது காந்தத்தில் விபூதியைக் குழைத்துப் பூசின மாதிரி சாம்பல் நிற மசி. அது ஓடின வண்டியில் இருப்பதுதானாம். கூடவே கிடந்த கருப்புத் துணுக்குகளைப் பார்த்துத்தான் அவர் உதட்டைப் பிதுக்கினார். கிளட்ச் தட்டின் மேல்பூச்சு.

குழாயை மாற்றி, ஃபில்டர் போட்டு, புது எண்ணெய் ஊற்றினோம். அடித்தட்டைக் கழற்றினால் எல்லா எண்ணெயும் வராது, இன்ஜினையும் கியரையும் இணைக்கும் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலுமாகப் பாதிக்கு மேல் தங்கிவிடும். ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி இறக்கி ஊற்றினோம். இப்போது காலையில் நன்றாகப் போகிறது. செம்பனைக் குலை நிறைய ஏற்றி மதிய வெயிலில் ஏற்றம் ஏறினால் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது இன்னும் ஒரு நழுவல் இருக்கிறது. தேய்ந்தது தேய்ந்ததுதான். அதனால் பாதி லோடுதான், இரண்டு நடை. கியர் பெட்டியைப் பிரிக்க மாட்டேன். ஹாஃப் கட்டும் வேண்டாம், அது எத்தனை மைல் ஓடி, எந்த ஏற்றத்தில் வெந்ததோ யார் கண்டது?

நீ என்னைப் போல இழுத்தடிக்காதே. நாளைக் காலையில் வண்டி நின்ற இடத்தில் ஒரு அட்டையை விரித்துப் பார், சிவப்புச் சொட்டு விழுகிறதா என்று. உன்னுடையது என்னுடையதைவிடப் பழசு. ஆக்சிலேட்டரிலிருந்து கியர் பெட்டிக்கு ஒரு கேபிள் போகும். அது தளர்ந்திருந்தாலும் இப்படித்தான் வழுக்கும், சரி செய்ய அரை மணி நேரம் போதும். பெட்டியைப் பிரிக்கணும் என்று எவனாவது சொன்னால், முதலில் கம்பியை உருவிக் காட்டச் சொல்.

வேறென்ன? நாம் இருந்த தோட்டத்து லயத்தில் கடைசி வரிசையையும் இடித்துவிட்டார்கள். கிணற்றடி மாமரம் மட்டும் நிற்கிறது, இந்த வருஷம் காய் அதிகம். கலாசாலைத் தமிழ்ப்பள்ளியில் நம்மோடு படித்த குட்டையன் டவுனில் பார்த்து உன்னைக் கேட்டான், உன் எண்ணைக் கொடுத்திருக்கிறேன், திட்டாதே.

அடுத்த மாதம் பேத்தியைப் பார்க்க கிள்ளான் வருகிறோம். பஸ்ஸில்தான். ஸ்டேஷனுக்கு உன் வண்டியில் வருவதாக இருந்தால் அதற்குள் அந்தக் கம்பியைப் பார்த்துவிடு.

உன்,
சிப்புட்டுக்காரன்