விளக்குப் பக்கத்தில் அக்ரிலிக் வேண்டாம்: ஆலயத் திருப்பணிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா, செயலவையினர் அனைவருக்கும் வணக்கம்.

திருப்பணியில் ஆலயத்துக் கண்ணாடிகளை எல்லாம் எடுத்துவிட்டு, கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் பலகையான அக்ரிலிக் போடப் போவதாக அறிவிப்பில் பார்த்தேன். சுங்கை சிப்புட்டில் கடைப் பலகைகள் செய்கிற எனக்கு அக்ரிலிக் வெட்டித்தான் பிழைப்பு. இருந்தும் சொல்கிறேன், எல்லா இடத்துக்கும் அது ஆகாது.

ரதத்துக்கும், பிள்ளைகள் ஓடியாடும் மண்டபத்துச் சன்னல்களுக்கும் தாராளமாகப் போடுங்கள். கண்ணாடியில் பாதி எடைதான். உடைந்தாலும் சில்லு சில்லாகச் சிதறாது. வெளிச்சத்தில் 92 விழுக்காட்டை உள்ளே விடும், வெயிலில் சீக்கிரம் மஞ்சளடிக்காது.

உற்சவர் பெட்டியும் விளக்குக் கூண்டும்தான் என் கவலை. அக்ரிலிக் 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகிவிடும். தீப்பிடித்தால் நன்றாகவே எரியும், எரிந்துகொண்டே சொட்டும். 1973இல் பிரிட்டனை அடுத்த மேன் தீவில் சம்மர்லேண்ட் என்ற கேளிக்கை மையம் எரிந்து 50 பேர் இறந்தார்கள். சுவரிலும் கூரையிலும் இருந்த அக்ரிலிக் பலகைகளும் தீ பரவ ஒரு காரணம். குருக்கள் ஐயா எவ்வளவு கவனமாக இருந்தாலும், விசேஷ நாள் நெரிசலில் கற்பூரத் தட்டு எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம் விபூதி. பெட்டிமேல் படிந்த விபூதியைக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும், கோடு கோடாகக் கீறல் விழுந்து சில மாதங்களில் சாமி முகமே மங்கலாகத் தெரியும். அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் பட்டால் நுண்ணிய வெடிப்புகள் வரும். சவர்க்காரத் தண்ணீரும் மிருதுவான ஈரத் துணியும்தான் அதற்குச் சரி. இதை ஆலயத்தில் மாறி மாறி வரும் தொண்டர்கள் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

மண்டபச் சன்னலுக்குப் போடும்போது குத்தகையாளரிடம் ஒன்று சொல்லுங்கள். வெப்பத்தில் அக்ரிலிக் கண்ணாடியைவிட ஏழெட்டு மடங்கு விரியும். நான்கடிப் பலகை 20 டிகிரி சூடேறினால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். சன்னல் சட்டத்தில் இடைவெளி விட வேண்டும், திருகாணித் துளையும் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். இறுக்கி முடுக்கினால் துளையிலிருந்தே விரிசல் கிளம்பும்.

உற்சவர் பெட்டிக்கும் விளக்குக் கூண்டுக்கும் டெம்பர்ட் கண்ணாடி, அதாவது சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்து உறுதியாக்கிய கண்ணாடி, கேளுங்கள். விலை கூடத்தான். ஆனால் எரியாது, உடைந்தாலும் கூர் இல்லாத சிறு துண்டுகளாக உதிரும். டெம்பர் செய்தபின் அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. அதனால் பெட்டியின் மரவேலை முடிந்து, கீல், பூட்டு எங்கே வருகிறது என்று முடிவான பிறகே அளவு கொடுங்கள். அளவெடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஆலய உறுப்பினன்