சொந்தப் பாட்டைப் பாட விடுங்கள்: சேலத்துப் பாட்டு மேடைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மாதாமாதம் நம்ம ஊரில் நாட்டுப்புறப் பாட்டு நிகழ்ச்சி நடத்தும் குழுவினருக்கு, வணக்கம்.

முதலில் நன்றி. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகையும் குகைப் பகுதியில் சாமி வேடமிட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கையும் முடிந்துவிட்டால், மண்ணின் பாட்டைக் காசு கொடுக்காமல் உட்கார்ந்து கேட்க சேலத்தில் எனக்குத் தெரிந்து உங்கள் மேடையை விட்டால் வேறு இல்லை. அதை நீங்கள் விடாமல் நடத்துகிறீர்கள். அந்த உரிமையில்தான் கேட்கிறேன். சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்களைத் தேடி அழைத்து வருகிறீர்கள், ஆனால் மேடையில் ஏற்றிய பிறகு அவர்களைச் சினிமாப் பாட்டுப் பாடச் சொல்கிறீர்கள். தயவு செய்து அதை நிறுத்துங்கள்.

போன நிகழ்ச்சியில் அம்மாப்பேட்டைப் பக்கம் தறி ஓட்டுகிற ஒருவர் உடுக்கையோடு வந்திருந்தார். கரண்ட் போய்த் தறி நிற்கிற நாளில் கூலி எப்படிக் கரைகிறது, வீட்டில் யார் யார் சாப்பிடாமல் படுக்கிறார்கள் என்று அவரே எழுதி அவரே மெட்டுப் போட்ட பாட்டு. உடுக்கையின் நடுக்கயிற்றை அமுக்கி அமுக்கி விடும்போது அந்தச் சத்தம் ஏறி இறங்கியதில் கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டது. இரண்டாவது சரணம் தொடங்கும்போது மேடையோரத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டு போனது. அவர் படித்துப் பார்த்தார், பாட்டை அங்கேயே விட்டுவிட்டு எல்லோருக்கும் தெரிந்த ஒரு குத்துப்பாட்டை எடுத்தார். கைதட்டல் வந்தது, உண்மைதான். ஆனால் அந்தக் குத்துப்பாட்டு எல்லோருடைய போனிலும் இருக்கிறது, தறிக்காரர் பாட்டு அவர் வாயைத் தவிர வேறெங்கும் கிடையாது. அதன் மூன்றாவது சரணத்தில் என்ன இருந்தது என்று அன்றைக்கு வந்த யாருக்கும் இன்னும் தெரியாது.

'தெரிந்த பாட்டாக இருந்தால்தான் ஜனம் உட்காரும்' என்று உங்களில் ஒருவர் சொன்னார். எனக்கு அது ஒப்புக்கொள்ள முடியாத பேச்சு. 2015இல் சென்னையில் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கடற்கரையிலேயே விழா நடத்தினார்கள், கச்சேரியும் பறையும் கூத்தும் மீனவக் குடும்பங்களும் ஒரே இடத்தில். 2018 ஜனவரியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு மேடையேறியபோது கானாவும் ராப்பும் கலந்து அவர்களே எழுதிய பாட்டுகளைத்தான் பாடினார்கள். 2020இல் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது, சபாக்களில் கர்நாடகக் கச்சேரி நடக்கும் மார்கழி சீசனிலேயே மக்கள் பாட்டுக்கென்று ஒரு மேடை. அங்கெல்லாம் ஜனம் உட்கார்ந்தது. சேலத்து ஜனம் மட்டும் உட்காராது என்று நாமே ஏன் முடிவு கட்ட வேண்டும்?

இன்னொன்று, நாட்டுப்புறப் பாட்டு என்றால் பாட்டி காலத்துப் பாட்டை அப்படியே ஒப்பிப்பது என்ற நினைப்பு. ஒப்பாரி வைக்கிற அம்மா செத்தவர் பேரையும் பிழைப்பையும், பார்க்க வராத மகனையும்கூட அங்கேயே உட்கார்ந்த இடத்தில் பாட்டில் ஏற்றுகிறார். நடவு வயலில் வரப்பில் நிற்கிறவரைக் கேலி பண்ணும் வரி அன்றைக்குப் பிறந்த வரி. நம்ம பக்கத்துக் கூத்தில் கோமாளி அந்த ஊர்ச் சங்கதியை அன்றைக்கே மேடைக்குக் கொண்டுவருகிறார். புதுசாகக் கட்டுவதுதான் இந்த மரபின் உயிரே. தறிக்காரரும், காபித் தோட்டத்தில் பழம் பறிக்கிற கூலியைப் பாட்டாக்கிய ஏற்காட்டுப் பெண் ஒருவரும் அதைத்தான் செய்கிறார்கள்.

அப்புறம் நேரம். நோட்டீஸில் 6 மணி என்று போடுகிறீர்கள். விளக்கேற்றி, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிய எட்டரை ஆகிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் மைக் செட் போடக்கூடாது, அது நியாயமும்கூட. அப்படியானால் மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம், அதைப் பங்கு போட நான்கைந்து பேர். ஆத்தூரிலிருந்தும் இடைப்பாடியிலிருந்தும் வருகிறவர்கள் கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டே பாடுகிறார்கள், குரலிலேயே அது தெரிகிறது. வாழ்த்துரைகளைப் பாட்டு முடிந்த பிறகு வையுங்கள். இருக்க விருப்பமுள்ளவர்கள் இருந்து கேட்பார்கள்.

ஏற்காட்டில் நடத்தும் நிகழ்ச்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரம், சாயங்காலம் பனி இறங்கினால் பறையின் தோல் ஈரத்தில் தொய்ந்துவிடும், அடித்தால் கணீரென்று கேட்காது, மொத்தென்று விழும். அதற்குத்தான் செத்தை கூட்டித் தீ மூட்டி, தோலைக் காட்டிக் காட்டிக் காய்ச்சுகிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் மறுபடி காய்ச்ச வேண்டியிருக்கும். போன தடவை தீ மூட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், பறைக்காரர்கள் அந்தத் தொய்ந்த தோலிலேயே கை வலிக்க வலிக்க அடித்தார்கள். மேடைக்குப் பின்னால் நாலடி இடம், ஒரு வாளித் தண்ணீர், பார்த்துக்கொள்ள ஓர் ஆள், இவ்வளவுதான் தேவை. சவுண்டு சர்வீஸ்காரரிடமும் முன்கூட்டியே பேசுங்கள். எல்லாக் குரலுக்கும் ஒரே எக்கோவைப் போட்டுவிடுகிறார், வார்த்தை ஒன்றுமே புரிவதில்லை, எழுதிப் பாடுகிறவருக்கு வார்த்தைதானே எல்லாம். பம்பைக்கு ஒரு முகத்துக்கு மட்டும் மைக் வைத்தால் பாதி வாத்தியம்தான் கேட்கும்.

எனக்கு மிகவும் வலித்த விஷயம் இதுதான். விருந்தினர் காரை விட்டு இறங்கும்போது வாசலில் பறையடிக்கச் சொல்கிறீர்கள், மேடையில் கீபோர்டும் ரிதம் பேடும். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ கொடுத்த நாட்டில், நம்ம ஊரில் பறை இன்னும் வாசலில் நிற்கிறது. இதில் சாதி இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். பறைக்குழுவுக்கு மேடையில் முழு நேரம் கொடுங்கள், பாடகர்களுக்குப் போடுகிற அதே பந்தியில் அவர்களுக்கும் இலை போடுங்கள், அதே கவரில் அதே தொகையைக் கொடுங்கள்.

கடைசியாக வீடியோ. நிகழ்ச்சியைப் பிடித்து யூடியூபில் போடுவது நல்ல காரியம், ஆனால் எழுதியவர் பேர் எங்கும் இல்லை, 'கிராமிய மணம்' என்று ஒரு தலைப்போடு முடிகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பாட்டின் வரிகளுக்கும் மெட்டுக்கும் தனித்தனியாக உரிமை தருகிறது, மேடையில் பாடுகிறவருக்கும் 1994 திருத்தத்தில் உரிமை வந்துவிட்டது. ஆகவே பிடிப்பதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள், பேரைப் போடுங்கள், வருமானம் ஏதாவது வந்தால் பங்கு கொடுங்கள். பேர் இல்லாமல் போட்ட பாட்டை நாளைக்கு எவராவது எடுத்துத் தன்னுடையது என்றால் அந்தத் தறிக்காரர் எங்கே போய் நிரூபிப்பார்?

அடுத்த நிகழ்ச்சிக்கு இன்னும் நோட்டீஸ் அடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அடிப்பதற்கு முன் தறிக்காரரைக் கூப்பிட்டு, அவருக்கு அரை மணி நேரம் என்று உறுதி சொல்லி, பாட்டின் பேரையும் அவர் பேரையும் அவரிடமே கேட்டு எழுதி நோட்டீஸில் போடுங்கள். ஏற்காட்டில் தீ பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நிகழ்ச்சிக்குத் தவறாமல் வரும் ஒரு ரசிகர்,
சேலம்