நவம்பர் 11: உயிரோடு திரும்பியவர்களின் நாள்

அன்புள்ள நண்பர் முருகேசன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து காலை நடையை மீண்டும் தொடங்கியிருக்கிறீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். வர்ஜீனியாவில் மகன் வீட்டில் நாங்களும் நலமே. நவம்பர் 11 அன்று இங்கே எதற்கு விடுமுறை என்று கேட்டிருந்தீர்கள். முன்னாள் படைவீரரான உங்களுக்கு அதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

1918ஆம் ஆண்டு அந்த நாளின் விடியற்காலையில், பிரான்சின் கோம்பியேன் காட்டில் நின்றிருந்த ரயில் பெட்டி ஒன்றில் முதல் உலகப்போரின் போர்நிறுத்தம் கையெழுத்தானது. ஆனால் அது நடைமுறைக்கு வந்தது காலை 11 மணிக்குத்தான். இடைப்பட்ட நேரத்திலும் சண்டை நடந்துகொண்டே இருந்ததால், ஹென்றி குந்தர் என்னும் அமெரிக்க வீரர் 10.59 மணிக்குச் சுடப்பட்டு இறந்தார். ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் அவரும் ஊர் திரும்பியிருப்பார் என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

மறு ஆண்டே போர்நிறுத்த நாளாக அனுசரிக்கப்பட்ட இந்த நாள், 1938இல் உலக அமைதிக்கான சட்டபூர்வ விடுமுறை ஆனது. பின்னர் இரண்டாம் உலகப்போரும் கொரியப் போரும் வந்துபோக, அவற்றில் பணியாற்றியவர்களுக்கு இதில் இடமில்லையே என்ற குறை எழுந்தது. அதைத் தீர்க்க முதலில் முயன்றவர்கள் சாதாரண மக்கள். அலபாமாவில் ரேமண்ட் வீக்ஸ் என்ற முன்னாள் வீரர் எல்லாப் போர்களின் வீரர்களுக்குமாக 1947இல் விழா எடுத்தார். கான்சாஸின் எம்போரியா நகரில் காலணி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ஆல்வின் கிங், போரில் தம் உறவுக்கார இளைஞர் ஒருவரைப் பறிகொடுத்தவர். அவருடைய முயற்சியால் 1953இல் அந்த ஊரே இந்நாளை எல்லா வீரர்களுக்கும் உரியதாகக் கொண்டாடியது. 1954 ஜூன் 1 அன்று அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட, நாடு முழுவதற்கும் அதுவே சட்டமாயிற்று. போரில் மாண்டவர்களுக்கு மே மாதத்தில் தனி நாள் இருப்பதால், நவம்பர் 11 பெரிதும் உயிரோடு இருப்பவர்களைப் போற்றும் நாளாக விளங்குகிறது.

பேத்தியின் பள்ளியில் நடந்த விழாவுக்குச் சென்றிருந்தேன். தரைப்படை, கடற்படை, விமானப்படை என ஒவ்வொன்றுக்கும் உரிய பாடலை மாணவர்கள் இசைக்க, அந்தந்தப் படையில் இருந்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும். கடற்படைப் பாடலின்போது முதியவர் ஒருவர் நடைவண்டியைப் பற்றிக்கொண்டு எழுந்தார். பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கிய பிறகும் அவர் உட்காரவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனாலும் கைதட்டல் மட்டும் மரியாதை ஆகிவிடாது என்பதே என் எண்ணம். முதல் உலகப்போர் வீரர்கள், 1945இல் தருவதாகச் சொல்லப்பட்ட ஊக்கத்தொகையைப் பெரும் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் முன்கூட்டியே கேட்டு 1932இல் வாஷிங்டனில் கூடாரமடித்துத் தங்கியபோது, அதே நாட்டின் ராணுவமே அவர்களை விரட்டியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1944இல், திரும்பிவரும் வீரர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் வழிசெய்யும் சட்டம் பிறந்தது. எத்தனை அணிவகுப்பு நடத்தினாலும் அந்தச் சட்டத்துக்கு ஈடாகாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான ஜெனரல் கரியப்பா 1953இல் ஓய்வுபெற்ற ஜனவரி 14ஐ நம் நாட்டில் முன்னாள் படைவீரர் நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள் அல்லவா? பொங்கல் நேரமாதலால் ஊரில் பலர் அதைக் கவனிப்பதில்லை. இம்முறை உங்கள் மாவட்டத்தில் என்ன நடந்தது, உங்களோடு பணியாற்றியவர்களில் யார் யார் வந்தார்கள் என்று அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்,
சுந்தரம்