நடுவர்களே, பெரிதாக்கும் முன் படத்தைப் பாருங்கள்

புகைப்படப் போட்டியின் நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். வட சென்னை வாழ்க்கை பற்றிய உங்கள் போட்டியில் முதல் சுற்றிலேயே கழிந்துபோன ஒரு படத்துக்காக இந்த மடல். ராயபுரத்தில் என்னிடம் படம் எடுக்கப் பழகும் மாணவி ஒருத்தி போனில் எடுத்தது அது.

காசிமேட்டில் விடிவதற்கு முன் நடக்கும் மீன் ஏலம். விலை கேட்கும் அம்மா கையைத் தூக்குகிறார். முகம் ஓரளவு நிற்கிறது. கை மட்டும் வெள்ளைக் கீற்றாய்க் கலைந்திருக்கிறது. கூடை வேறு யாருக்கும் போய்விடக் கூடாது என்கிற அவசரம் முழுக்க அந்தக் கையில்தான் இருக்கிறது. நீங்கள் எழுதிய காரணம்: 'ஷார்ப்னஸ் போதாது', அதாவது படத்தில் கூர்மை போதாது.

அந்த நேரத்தில் அங்கே வெளிச்சம் கம்மி, வெளிச்சத்தைப் படமாகப் பதியும் போனின் சென்சாரும் சின்னது. ஷட்டர் 1/10 நொடி திறந்திருந்தால் ஆடுகிற கை கலையத்தான் செய்யும். வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓ அளவை ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாகும். அதைத் துடைக்கிறேன் என்று போனே மீன் செதிலையும் முகச் சுருக்கத்தையும் சேர்த்து மெழுகிவிடும். பெரிய சென்சாரும், நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும் எஃப் 1.4 லென்ஸும் இருந்தால் சமாளிக்கலாம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் அது இருக்கும்? முதல் சுற்றிலேயே ஷார்ப்னஸ் பார்த்தால் நீங்கள் கேமராவைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் இறங்கிய பிரான்சின் நார்மண்டி கரையில் போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காபா எடுத்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்குள் தவழும் அந்தச் சிப்பாயின் முகம் தெளிவாகவே இல்லை. உங்கள் முதல் சுற்றை அது தாண்டியிருக்குமா? கொல்கத்தாவில் பிறந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் எடுத்த முகங்களையும் ஃபோகஸ் சரியில்லை என்று அன்றைய விமர்சகர்கள் குறை சொன்னார்கள். இன்று அருங்காட்சியகங்கள் அவற்றைப் பாதுகாத்து வைத்திருக்கின்றன.

கூர்மையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் பரவியதே, அப்போது படகில் ஒட்டிய கசடும் படகின் எண்ணும் பளிச்சென்று தெரியும் படங்கள்தான் தேவை. நிவாரணம் கேட்டுப் போகிறவருக்கு ஷேக் ஆன படத்தால் என்ன பிரயோஜனம்? அசட்டையால் ஃபோகஸ் தவறிய படங்களையும் தாராளமாகத் தள்ளுங்கள். ஏலத்தில் தூக்கிய கை அந்த ரகம் இல்லை. அது அசைந்தது, அதனால் அசைவாகவே பதிந்திருக்கிறது.

அடுத்த போட்டிக்கு விதிமுறை எழுதும்போது இரண்டு மாற்றம் செய்யுங்கள். முதல் சுற்றில் படத்தை 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்க்காமல் முழுப் படமாகப் பாருங்கள். ஷார்ப்னஸ் மதிப்பெண் கடைசிச் சுற்றில் இருக்கட்டும். அப்புறம், ஒரு படத்தைக் கழித்தால் அதில் எது கலைந்திருக்கிறது, அதனால் படம் எதை இழந்தது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு அடுத்த படம் எடுப்பார்கள்.

இப்படிக்கு,
ராயபுரத்திலிருந்து ஒரு புகைப்பட ஆசிரியர்