அமாஸ்யாவுக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுவது. அடுத்த வாரம் கிடைக்கும் இரண்டு நாள் லீவில் அங்காராவிலிருந்து, வட துருக்கியில் இருக்கும் அமாஸ்யா போகிறேன் என்றாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். இதை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு வாங்கு. மொத்தம் சுமார் 330 கி.மீ. சோரும் என்கிற ஊரைத் தாண்டும்வரை தூங்கினாலும் பரவாயில்லை, மெர்சிஃபோன் வந்ததும் எழுந்துகொள். அங்கிருந்து சுலுஒவா வரை தட்டையான, செழிப்பான சமவெளி. வெங்காயமும், சர்க்கரை ஆலைக்குப் போகும் பீட்ரூட்டும் விளைகிற மண். பழைய கிரேக்கர்கள் இதை ‘கிலியோகோமோன்’ என்றார்கள். ஆயிரம் ஊர் என்று பொருள். சமவெளி முடிகிற இடத்தில் சாலை தெர்சாகான் என்கிற சிற்றாற்றோடு சேர்ந்து மலைக்குள் நுழையும். இரண்டு பக்கமும் பாறை நெருக்கும். ஊர் எங்கே என்று நீ தேடும்போதே ஊருக்குள் வந்திருப்பாய்.

இவ்வளவு நல்ல நிலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெயிலும் புழுக்கமும் தங்கும் இந்த இடுக்கில் போய், கருங்கடலின் தென்கரையை ஆண்ட பழைய போன்டஸ் அரசர்கள் ஏன் தலைநகரம் கட்டினார்கள்? இந்தக் கேள்வியோடு பஸ்ஸை விட்டு இறங்கு.

பதிலை அந்த ஊர்க்காரர் ஒருவரே எழுதி வைத்திருக்கிறார். கி.மு. 64 வாக்கில் அங்கே பிறந்த ஸ்ட்ராபோ என்கிற கிரேக்கப் புவியியல் அறிஞர். அவருடைய ‘புவியியல்’ 17 பகுதிகள் கொண்டது. 12ஆம் பகுதியில் ‘என் ஊர்’ என்றே சொல்லி அமாஸ்யாவை வர்ணிக்கிறார். ஆழமான பள்ளத்தாக்கு, நடுவே ஆறு, எல்லாப் பக்கமும் செங்குத்தாக இறங்கும் பாறை. அந்தப் பாறைக்குள்ளேயே அரண்மனையும் அரசர்களின் சமாதிகளும். ஆறு வரும் வழியையும் ஒழுங்காகச் சொல்கிறார்: கோமனாவைத் தாண்டி, காசியூராவில் திரும்பி, ஸ்கைலக்ஸ் ஆற்றைச் சேர்த்துக்கொண்டு, அமாஸ்யாவின் மதிலைத் தொட்டு, பிறகு லைகஸ் ஆற்றோடு கலந்து கடலுக்கு. இன்றைய வரைபடத்தில் விரல் வைத்துப் பார். தோகாட் பக்கத்து கோமனா, துர்ஹால், செக்கெரெக் ஆறு, அமாஸ்யா, கெல்கித் ஆறு, சார்ஷம்பா, கருங்கடல். பெயர்கள்தாம் மாறியிருக்கின்றன. அவர் ஐரிஸ் என்றது இன்று யெஷில் இர்மாக், அதாவது பச்சை ஆறு. 519 கி.மீ. நீளம். பச்சை என்பது பெயரில்தான் அதிகம், மழைக்குப் பிறகு போனால் செம்மண் கரைசலாக ஓடும்.

கோட்டை இருக்கும் பாறைக்கு ஹர்ஷேனா என்று பெயர். அங்கே நடந்து ஏறாதே, பின்பக்கமாகச் சுற்றிப் போகும் தார்ச்சாலையில் டாக்ஸி பிடி. மேலே போனால் முதலில் தேட வேண்டியது தண்ணீர் வழி. எப்பேர்ப்பட்ட மலைக்கோட்டையும் முற்றுகையில் தாகத்தால்தான் விழும். அதனால் பாறையைக் குடைந்து நீர் எடுக்க இரண்டு சுரங்க வழிகள் வெட்டினார்கள் என்கிறார் ஸ்ட்ராபோ, ஒன்று ஆற்றை நோக்கி, இன்னொன்று மலையின் கழுத்துப் பகுதியை நோக்கி. ஜிலான்போலு என்று இன்று சொல்லும் படிக்கட்டுச் சுரங்கம் அந்த வகையைச் சேர்ந்தது. அதன் வாயில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தால், இடுக்கில் ஏன் கட்டினார்கள் என்பது பாதி விளங்கிவிடும்.

அரச சமாதிகளுக்குக் கீழிருந்து ஏற வேண்டும். ஆற்றின் வடகரை வீடுகளுக்குப் பின்னால் ரயில் தண்டவாளம், அதைத் தாண்டினால் படிகள். தெற்கு பார்த்த சுண்ணாம்புப் பாறை, மத்தியானம் அடுப்பு மாதிரி கொதிக்கும். காலையிலேயே போய்விடு. தேய்ந்து வழுவழுத்த படிகள், அடிப்பாகம் பிடிப்பான செருப்பு அவசியம். பெரிய சமாதிகள் ஐந்து. குகை குடைவதோடு நிற்காமல், சமாதியின் பின்பக்கமும் பக்கவாட்டும் வழி வெட்டி, பாறையிலிருந்தே தனியே பிரித்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்த வழிக்குள் நடந்து போய் உளித் தடத்தைத் தொட்டுப் பார். ஒன்று மட்டும் முடியாமல் நிற்கும். போன்டஸ் அரசன் ஃபார்னகெஸ் கி.மு. 183இல் கடற்கரைச் சினோப்பைப் பிடித்தான், பிறகு தலைநகரம் அங்கே போனது. அவனுக்கென்று தொடங்கிய சமாதியே அது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். பகைவன் வராத இடுக்கில் கப்பலும் வராது அல்லவா.

இது அந்த ஊரின் ஜாதகம் போல. ஒதுங்கவும் தயாராகவும் வருவார்கள், வளர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். 1402இல் அங்காராப் போரில் தைமூரிடம் உதுமானியர் தோற்றபோது, இளவரசன் மெஹ்மெத் ஒதுங்கியது இங்கேதான். இங்கிருந்து அண்ணன் தம்பிகளை வென்று 1413இல் முழு ஆட்சியையும் பிடித்தான். அதன்பின் இளவரசர்களை ஆட்சி பழக அனுப்பும் ஊர்களில் இதுவும் ஒன்றானது. இரண்டாம் பயஜித் சுல்தான் ஆகுமுன் ஆண்டுக்கணக்கில் இங்கே ஆளுநர். அவன் மகன் முதலாம் செலிம் 1470இல் பிறந்ததும் இங்கேதான். பயஜித் பெயரில் 1486இல் முடிந்த பள்ளிவாசல் ஆற்றங்கரையில் இருக்கிறது. பின்னாளில் துருக்கிக் குடியரசை நிறுவிய முஸ்தபா கமால், 1919இல் கருங்கடல் துறைமுகமான சாம்சுனில் இறங்கி உள்நாட்டுக்கு நகர்ந்து, ஜூன் 22 அன்று நாட்டின் விடுதலையை மக்களின் உறுதியே காப்பாற்றும் என்ற சுற்றறிக்கையை இங்கிருந்துதான் அனுப்பினார். அதை எழுதிய படைவீடு என்று காட்டும் கட்டடம் பின்னாளில் புதிதாகக் கட்டியது. பழசு என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்காதே.

தாங்களாகக் கிளம்பாதவர்களும் உண்டு. அமாஸ்யாவிலும் மெர்சிஃபோனிலும் நிறைய இருந்த ஆர்மீனியர்களை 1915இல் நாடு கடத்தினார்கள். மெர்சிஃபோனில் 1886இல் தொடங்கிய அனதோலியா கல்லூரி 1924இல் கிரேக்க நாட்டு தெசலோனிகியில்தான் மறுபடி திறந்தது. வழிகாட்டிப் பலகைகளில் இதைத் தேடாதே.

பீமார்ஹானே என்ற மருத்துவமனையைத் தவறவிடாதே. மங்கோலிய இல்கான்கள் காலத்தில், 1308-09இல் கட்டியது. அங்கே வைத்தியம் பார்த்த செரெஃபெத்தின் சபுஞ்சுஓலு 1465இல் அறுவைச் சிகிச்சை நூல் ஒன்று எழுதினார், எங்கே சுட வேண்டும், எங்கே கீற வேண்டும் என்று படத்தோடு. அரபியில் எழுதுவதுதான் அன்றைய வழக்கம். இவர் துருக்கியில் எழுதினார். அனதோலியாவின், அதாவது துருக்கியின் ஆசியப் பகுதியின், அறுவை வைத்தியர்களில் பலருக்குப் படிப்பில்லை, படிப்பவரும் துருக்கிதான் படிப்பார் என்று காரணமும் சொல்லி வைத்தார்.

சாயங்காலம் தென்கரையில் நின்று எதிர்க்கரை வீடுகளைப் பார். பழைய மதிலே அஸ்திவாரம். மேலே மரச்சட்டம், குறுக்கே சாய்வுக் கட்டைகள், இடைவெளியில் சுடாத மண் கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. ஹிமிஷ் கட்டு என்பார்கள். பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே இடமில்லாததால் மாடி மட்டும் ஆற்றின் மேல் நீண்டிருக்கும், கீழே சாய்வு முட்டுகள் தாங்கும். பூமி ஆடும்போது சிறுசிறு மண்கட்டங்கள் விரிசல் விட்டு அதிர்வை வாங்கிக்கொள்ளும், சட்டம் நிற்கும். வடக்கே கொஞ்ச தூரத்தில் வட அனதோலியப் பிளவு என்கிற நிலப்பிளவு ஓடுகிறது, 1939 டிசம்பரில் எர்சின்ஜானில் தொடங்கிய நிலநடுக்கத்தின் வெடிப்பு இந்தப் பக்கம்வரை வந்தது. இந்த வீடுகளுக்கு எமன் தண்ணீர்தான். கூரை ஒழுகினால் மண் கல் கரையும், அடிச்சட்டம் உளுத்துப்போகும். பழுதுபார்க்கிறேன் என்று சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் மரம் உள்ளேயே மக்கும். சுவரில் பூச்சு உப்பியிருக்கும் இடங்களைக் கவனி.

கடைசியாக, கடைத்தெருவில் நூலில் கோத்த மாலை தொங்கும். பூ என்று நினைப்பாய். சுண்டுவிரல் நுனி அளவில் பறித்துக் காயவைத்த வெண்டைப் பிஞ்சு, ‘சிச்செக் பாம்யா’. நம் வெண்டை வற்றல் மாதிரி எண்ணெயில் பொரிக்கக் கூடாது. சுனை போகத் துணியில் போட்டுத் தேய்த்து, சரத்தோடே எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்து, பிறகு நூலை உருவிவிட்டு ஆட்டுக்கறிக் குழம்பில் போடுவார்கள். புளிப்பு குறைந்தால் கொழகொழவென்று ஆகிவிடும். கருத்துப்போன சரம் வேண்டாம், வெளிர்பச்சையாகப் பார்த்து இரண்டு வாங்கி வா. ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு.

அன்புடன்,
அம்மா